இரண்டின் 127-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவான பகா எண்

கேள்வி: 170141183460469231731687303715884105727 ஒரு பகா எண் என்றும், கணினி இல்லாத காலத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும் படித்தேன். இவ்வளவு பெரிய எண்ணை எப்படிக் கையால் சோதித்திருக்க முடியும்? பகா எண் என்பதைத் தாண்டி இதற்கு வேறு பண்புகள் உண்டா?

முடிந்தது. 1876-இல் பிரான்சைச் சேர்ந்த எடுவார்ட் லூக்காஸ் என்ற கணிதவியலாளர் அதைச் செய்தார். இரண்டாவது கேள்விக்கும் ஆம் என்பதே பதில். எனக்குத் தெரிந்த பெரிய பகா எண்களில் இவ்வளவு பண்புகள் ஒரே இடத்தில் கூடியிருக்கும் எண் வேறில்லை. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த எண்ணுக்கு 39 இலக்கங்கள். நம் முறைப்படி சொன்னால், 1,701 என்று எழுதி அதன் பின்னால் கோடி என்ற சொல்லை ஐந்து முறை எழுதினால் கிடைக்கும் அளவு. பார்க்கும்போது எந்த ஒழுங்கும் தெரியாது. ஆனால் இதனுடன் ஒன்றைக் கூட்டினால் 2¹²⁷ வந்துவிடும். அதாவது இரண்டை 127 முறை எழுதிப் பெருக்கிக் கிடைப்பதிலிருந்து ஒன்றைக் கழித்தால் இந்த எண். இனி இதை ‘ம’ என்று குறிப்பிடுகிறேன். ம = 2¹²⁷ − 1. கீழே சொல்லப்போகும் அத்தனைக்கும் வேர் இந்த ஒரு சமன்பாடுதான். ஒரு பெரிய எண் பகா எண்தானா என்று அறிய அந்த எண்ணையே உற்றுப் பார்ப்பதால் பயன் குறைவு. அதன் இரு பக்கத்து எண்களையும் பார்க்க வேண்டும். ம-வுக்கு மேலே இருப்பது இரண்டைத் தவிர வேறு காரணியே இல்லாத எண். இதைவிட நல்ல பக்கத்து எண் ஒரு பகா எண்ணுக்கு அமைய முடியாது.

இரும முறையில் எழுதினால் ம என்பது வரிசையாக 127 ஒன்றுகள், வேறொன்றும் இல்லை. இப்படி ஒன்றுகள் மட்டுமே உள்ள எண் பகா எண்ணாக இருக்க வேண்டுமானால், ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தாக வேண்டும். ஆறு ஒன்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 111111 என்பதை 111, 111 என்று இரண்டு துண்டாகப் பிரிக்கலாம். ஆகவே அது 111-ஆல் வகுபடும். பதின்ம முறையில் 63 ஏழால் வகுபடுகிறது என்பதே இதன் பொருள். 127 ஒன்றுகளை இப்படிச் சம துண்டுகளாக வெட்ட முடியாது. ஆனால் வெட்ட முடியாது என்பதாலேயே பகா எண் ஆகிவிடாது. 11 பகா எண்தான்; 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மரேன் மெர்சென் பிரெஞ்சுத் துறவி. 1644-இல் அவர் ஒரு பட்டியலை வெளியிட்டார். அடுக்கு 257-ஐத் தாண்டாதவரை 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய அடுக்குகளில் மட்டுமே பகா எண் வரும் என்றார். இவற்றில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. 127 சரி. அவர் எந்த நியாயத்தில் 127-ஐச் சேர்த்தார் என்பதற்கு நிரூபணம் எதையும் விட்டுச் செல்லவில்லை. 232 ஆண்டுகள் அது வெறும் கூற்றாகவே இருந்தது.

இனி முதல் கேள்வி. பள்ளியில் கற்ற முறைப்படி, வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்கலாமா? ம-வின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.3 × 10¹⁹. எல்லாப் பகா எண்களையும் முயல வேண்டியதில்லை என்பது உண்மை. ஒரு பகா எண் ம-வை வகுத்தால், அந்தப் பகா எண்ணை வைத்து மீதி காணும்போது 2, 4, 8, 16 என்ற வரிசை 127 படிகளில் ஒன்றுக்குத் திரும்பும். 127 பகா எண் என்பதால் அதற்கு முன் திரும்ப வழியில்லை. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, இந்தச் சுழற்சியின் நீளம் அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைந்ததை வகுக்க வேண்டும். ஆகவே ம-வின் பகாக் காரணி எதுவானாலும் 254-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் வருவது 255. அது பகா எண் அல்ல. அடுத்தது 1017, அதுவும் அல்ல. 1271 = 31 × 41. 2033 = 19 × 107. 2287-இல்தான் முயன்று பார்க்கத்தக்க முதல் பகா எண் கிடைக்கிறது.

பெரிய சலுகைதான். இருந்தும், இந்தச் சல்லடையில் தேறி நிற்கும் பகா எண்கள் மட்டும் சுமார் 12 கோடி கோடி. நொடிக்கு ஒன்று வீதம் வகுத்தாலும் ஏறத்தாழ நான்கு கோடி ஆண்டுகள் ஆகும். எனவே காரணியைத் தேடித் தோற்று, அதன் மூலம் பகா எண் என்று நிறுவும் வழி அடைபட்டுவிட்டது. லூக்காஸின் மேதைமை இங்கேதான் தெரிகிறது. அவர் காரணியைத் தேடவே இல்லை.

அவர் கண்ட சோதனையை, 1930-இல் அமெரிக்கரான டி. எச். லேமர் செம்மைப்படுத்திய வடிவில் சொல்கிறேன். 4-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும் கையில் உள்ள எண்ணை வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் இப்படிச் செய்த பின் சுழியம் வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண். இரண்டு பக்கமும் உறுதி.

127-ஐயே சோதித்துப் பார்ப்போம். அதுவும் 2⁷ − 1 என்ற மெர்சென் எண்தான். அடுக்கு 7, எனவே ஐந்து படிகள். நான்கின் வர்க்கம் 16, இரண்டைக் கழிக்க 14. பதினான்கின் வர்க்கம் 196, கழிக்க 194. 127-ஆல் வகுத்த மீதி 67. அதன் வர்க்கம் 4489, கழிக்க 4487, மீதி 42. அதன் வர்க்கம் 1764, கழிக்க 1762, மீதி 111. அதன் வர்க்கம் 12321, கழிக்க 12319. இது சரியாக 127 × 97. ஐந்தாம் படியில் சுழியம். 127 பகா எண்.

இதில் மீதி காணும் வேலை இன்னும் எளிது. 127-ஐ வைத்துப் பார்த்தால் 128-க்கும் 1-க்கும் வேறுபாடு இல்லை. ஆகவே 4487-இல் எத்தனை 128 இருக்கிறது என்று பார்த்தால் போதும். 35 முறை, எஞ்சியது 7. முப்பத்தைந்தையும் ஏழையும் கூட்டினால் 42, அதுதான் மீதி. இரும முறையில் இதற்கு வகுத்தலே தேவையில்லை. நீண்ட தாளை மடித்துப் போடுவதைப் போல, எண்ணின் மேல்பாதியை எடுத்துக் கீழ்ப்பாதியின் மேல் வைத்துக் கூட்டிவிடலாம். ம-வுக்கும் இதே வசதி. 127 இலக்கங்களுக்கு மேல் போவதை அப்படியே கீழே கொண்டுவந்து கூட்டினால் வேலை முடிந்தது. மேலே இருக்கும் பக்கத்து எண் 2¹²⁷ என்பதன் முதல் பலன் இது. லூக்காஸ் இந்த இரும முறையை முழுமையாகப் பயன்படுத்தினார். சதுரங்கப் பலகையைப் போன்ற கட்டங்களில் காய்களை வைத்து நகர்த்தி வர்க்கம் காணும் முறையையும் அவர் வகுத்தார்.

வேலையின் அளவைப் பாருங்கள். ம-வுக்கு 125 படிகள். 39 இலக்க எண்ணை வர்க்கப்படுத்த, குறுக்குவழி இல்லாமல் செய்தால், 39 × 39 = 1,521 ஓரிலக்கப் பெருக்கல்கள். மொத்தம் 1,90,125. ஒரு மனிதன் சலிக்காமல் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. 12 கோடி கோடி வகுத்தல்கள் என்ற மலை, இரண்டு லட்சத்துக்கும் குறைவான சிறு பெருக்கல்களாகக் கரைந்துவிட்டது.

ஆனால் காரணியைத் தேடாமலே காரணி இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? இதை விளக்காமல் விட்டால் பதில் பாதிதான். நிரூபணம் சிறியது, அழகானது.

அ = 2 + √3, ஆ = 2 − √3 என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கினால் 4 − 3 = 1. கூட்டினால் 4. நாம் தொடங்கிய 4 இதுதான். அ + ஆ என்பதை வர்க்கப்படுத்தினால் அ² + ஆ² + 2. இரண்டைக் கழித்தால் அ² + ஆ². மறுபடி செய்தால் அ⁴ + ஆ⁴. பிறகு அ⁸ + ஆ⁸. ஒவ்வொரு படியிலும் அடுக்கு இரட்டிக்கிறது. 125 படிகளின் முடிவில் இரண்டுக்கும் அடுக்கு 2¹²⁵. அந்தக் கூட்டுத்தொகை ம-வை வைத்துப் பார்க்கையில் சுழியம் என்றால், அதை அ-வின் அதே அடுக்கால் பெருக்குங்கள். அ × ஆ = 1 என்பதால், அ-வின் 2¹²⁶ அடுக்கு −1 என்று வரும். மேலும் ஒருமுறை வர்க்கப்படுத்தினால், 2¹²⁷ அடுக்கு +1. ஆக, அ-வைத் தன்னாலேயே பெருக்கிக்கொண்டே போனால் ஒன்றுக்குத் திரும்ப மிகச் சரியாக 2¹²⁷ படிகள் ஆகும். நடுவில் −1 வந்துவிட்டதால் அதற்கு முன் திரும்பவே முடியாது.

இப்போது ம பகு எண் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத ஒரு பகாக் காரணி ப இருக்கும். ப-வை வைத்து மீதி கண்டால், ‘ஒரு முழு எண் + இன்னொரு முழு எண் × √3’ என்ற வடிவில் மொத்தமே ப² எண்கள்தான் உண்டு. சுழியத்தை நீக்கினால் ப² − 1. அது ம-வைவிடக் குறைவு. அந்தச் சிறிய கூட்டத்துக்குள் 2¹²⁷ படிகள் கொண்ட சுழற்சி எப்படி அடங்கும்? அடங்காது. எனவே அப்படி ஒரு காரணி இல்லை. முடிந்தது.

இந்த வாதத்தை நிதானமாக இன்னொரு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தக் காரணியையும் முயலாமல், இடம் போதாது என்ற ஒரே காரணத்தைக் காட்டி எல்லாக் காரணிகளையும் ஒன்றாக வெளியேற்றிவிடுகிறது. எண் கோட்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த நிரூபணங்களில் இது ஒன்று. பதினோராம் வகுப்பு மாணவருக்கு இதைத் தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம். சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ம-வைச் சோதிக்கும்போது லூக்காஸ் 4-க்குப் பதிலாக 3-இலிருந்து தொடங்கினார். அடுக்கை நான்கால் வகுத்தால் மீதி 3 வருமானால் அதுவும் செல்லும். 127-க்கு அப்படித்தான் வருகிறது. அந்த வரிசை 3, 7, 47, 2207 என்று போகும். இவை ஃபிபொனாச்சி எண்களோடு பின்னிப் பிணைந்தவை. அதனால் ம-வுக்கு இன்னொரு பண்பும் கிடைக்கிறது. ஃபிபொனாச்சி வரிசையில் 2¹²⁷-ஆவது எண்ணை ம மீதியின்றி வகுக்கும். 2¹²⁶-ஆவது எண்ணை வகுக்காது. இதே பண்பைச் சின்ன அளவில் ஏழை வைத்துச் சரிபார்க்கலாம். எட்டாவது ஃபிபொனாச்சி எண் 21, ஏழால் வகுபடும். நான்காவது எண் 3, வகுபடாது.

லூக்காஸின் முடிவை 1914-இல் ஃபோகெம்பெர்க் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் மீண்டும் கணக்கிட்டு உறுதிசெய்தார். 1876-இலிருந்து 1951 வரை, 75 ஆண்டுகள், உலகில் அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண் ம-தான். இதற்குப் பின் மெர்சென் வரிசையில் கிடைத்த 61, 89, 107 அடுக்கு எண்கள் எல்லாம் இதைவிடச் சிறியவை. 1951-இல் ஃபெரியே என்பவர் மேசைக் கணிப்பியின் உதவியுடன் (2¹⁴⁸ + 1)/17 என்ற 44 இலக்கப் பகா எண்ணைக் கண்டார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் மில்லரும் வீலரும் 79 இலக்கப் பகா எண் ஒன்றைக் கண்டார்கள். அது எப்படிப்பட்ட எண் தெரியுமா? 180 × ம² + 1. மின்னணுக் கணினியின் முதல் சாதனை, லூக்காஸின் எண் தோளில் தூக்கி நிறுத்தியது. இங்கேயும் பக்கத்து எண்ணே வேலை செய்கிறது, இம்முறை கீழ்ப் பக்கத்து எண். அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 180 × ம². அதன் காரணிகள் அனைத்தும் நமக்குத் தெரியும், ம பகா எண் என்பது உட்பட. ஓர் எண்ணில் ஒன்று குறைந்ததன் காரணிகள் தெரிந்துவிட்டால் அந்த எண் பகா எண்தானா என்று சொல்லும் வழியும் லூக்காஸ் காலத்திலிருந்தே உண்டு.

மேலும் கீழும் இப்படித் தோதான பக்கத்து எண் இல்லாவிட்டால்? வேறு முறைகள் இருக்கின்றன. கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த அகர்வால், கயல், சக்சேனா மூவரும் 2002-இல் எந்த எண்ணுக்கும் பொருந்தும், இலக்கங்கள் கூடும்போது வேலை கட்டுக்கடங்காமல் பெருகாத சோதனை ஒன்றைத் தந்தார்கள். கோட்பாட்டளவில் மிகப் பெரிய வெற்றி அது. ஆனாலும் சாதனை அளவுப் பகா எண்களைத் தேடுபவர்கள் இன்றுவரை மெர்சென் எண்களையே நாடுகிறார்கள். காரணம், லூக்காஸ் முறையின் வேகம். இப்போது அறியப்பட்டதில் மிகப் பெரியது 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. லூக் டூரன்ட் கண்டறிந்த அந்த எண்ணில் இரண்டின் அடுக்கு 13,62,79,841, இலக்கங்கள் 4,10,24,320. அது மிகப் பெரிய சாதனை என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் ஒரு மனித மூளையும் கையும் எட்டிய எல்லை என்ற வகையில் ம-வையே நான் மேலாக வைப்பேன். இயந்திரமே இல்லாமல் கையால் கணக்கிட்டு நிறுவப்பட்ட பகா எண்களில் இதைவிடப் பெரியது கிடையாது.

இனி மற்றப் பண்புகள். முதலில் வர்க்கங்கள். ம-வை எட்டால் வகுத்தால் மீதி 7. அப்படிப்பட்ட எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டாகவோ மூன்று வர்க்கங்களின் கூட்டாகவோ எழுத முடியாது, நான்கு தேவை.

வர்க்கமூலம் காண்பது இன்னும் சுவையானது. ம-வை வைத்து மீதி காணும் உலகில் இரண்டின் வர்க்கமூலம் என்ன? 2⁶⁴. ஏனென்றால் அதை வர்க்கப்படுத்தினால் 2¹²⁸, அதாவது 2 × 2¹²⁷. அந்த உலகில் 2¹²⁷ என்பது 1; எனவே விடை 2. இரண்டுக்கு மட்டுமல்ல, வர்க்கமூலம் உள்ள எந்த எண்ணுக்கும் ஒரே வழிதான். அதை 125 முறை வர்க்கப்படுத்திக்கொண்டே போக வேண்டும்; வந்து நிற்பது அதன் வர்க்கமூலம். வர்க்கப்படுத்தியே வர்க்கமூலம் காண்பதா என்று ஐயம் வரும். 127-ஐ வைத்துச் செய்து பாருங்கள். அங்கே ஐந்து முறை போதும். ஒன்பதில் தொடங்கினால் 81, 84, 71, 88, 124. நூற்று இருபத்து நான்கு என்பது 127-ஐ வைத்துப் பார்த்தால் −3. அதன் வர்க்கம் 9. ம + 1-ஐ நான்கால் வகுத்தால் 2¹²⁵ கிடைக்கிறது என்பதே இதன் அடிப்படை. மறுபடியும் அந்த மேல் பக்கத்து எண்.

கீழ்ப் பக்கத்து எண் என்ன செய்கிறது? ம − 1 = 2 × (2⁶³ − 1) × (2⁶³ + 1). இதை முழுக்க உடைத்தால் வருவது இது:

2 × 3³ × 7² × 19 × 43 × 73 × 127 × 337 × 5419 × 92737 × 649657 × 77158673929

39 இலக்க எண், 11 இலக்கத்தைத் தாண்டாத துண்டுகளாக நொறுங்கிவிடுகிறது. நடுவில் 127 இருப்பதையும் கவனியுங்கள். இருந்தே ஆக வேண்டும், ஃபெர்மாவின் தேற்றம் அதை விடாது. இந்த நொறுங்கும் தன்மைக்கு ஒரு நடைமுறை விளைவு உண்டு. ஓர் எண்ணின் எத்தனையாவது அடுக்கு இது என்று கண்டுபிடிப்பது கடினம் என்ற நம்பிக்கையில் அமைந்த மறையீட்டு முறைகள், அதாவது செய்தியை இரகசியமாக்கும் முறைகள், சில இருக்கின்றன. ம-வை நேரடியாக அந்த முறைகளுக்கு அடித்தளமாக்கினால் பாதுகாப்பு இருக்காது. பெரிய கணக்கைச் சிறு காரணிகளுக்கான கணக்குகளாகப் பிரித்து, விடைகளை ஒட்டிவிடலாம். அளவிலும் இன்றைய தேவைக்கு இது சிறியது. ஆர்.எஸ்.ஏ. முறையிலும் பயனில்லை, அங்கே பகா எண் இரகசியமாக இருக்க வேண்டும், ம-வோ ஊரறிந்த எண்.

ஆனால் நீள்வட்ட வளைகோடுகளை அடிப்படையாகக் கொண்ட மறையீட்டில் இதே எண் மதிப்புப் பெறுகிறது. 2015-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கிரெய்க் காஸ்டெல்லோ, பாட்ரிக் லோங்கா இருவரும் ‘ஃபோர்-கியூ’ என்ற வளைகோட்டை வெளியிட்டார்கள். அது ம-வின் மேல் கட்டப்பட்டது. மேற்சொன்ன மடித்துக் கூட்டும் வசதிதான் அதன் வேகத்துக்கு ஒரு முக்கியக் காரணம். ம-வை நான்கால் வகுத்தால் மீதி 3 என்பதால் −1-க்கு அங்கே வர்க்கமூலம் இல்லை. ஆகவே சிக்கலெண்களுக்குச் செய்வதுபோலவே √−1-ஐப் புதிதாகச் சேர்த்து ம² உறுப்புகள் கொண்ட களத்தை, அதாவது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் செல்லும் எண் தொகுதியை, எளிதில் அமைக்கலாம். அந்த வளைகோடு வாழ்வது அந்தக் களத்தில்தான்.

பொறியாளர்கள் விரும்பும் இன்னொரு பண்பு. 127 பிட்டுகள் கொண்ட நகர்வுப் பதிவேட்டில், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பிட்டை வெளியே தள்ளி, இரண்டு இடங்களின் மதிப்பைக் கூட்டி உள்ளே அனுப்பும் அமைப்பை எண்ணிப் பாருங்கள். x-க்குப் பதிலாக ‘ய’ என்று எழுதினால், ய¹²⁷ + ய + 1 என்ற பல்லுறுப்புக் கோவைப்படி அதை அமைத்தால் அந்தப் பதிவேடு, சுழியம் மட்டுமே நிறைந்த நிலையைத் தவிர மற்ற எல்லா நிலைகளையும் தொட்டுவிட்டுத்தான் தொடங்கிய இடத்துக்கு வரும். அதன் சுழற்சி நீளம் ம. சாதாரணமாக, காரணிப்படுத்த முடியாத கோவை கிடைத்தாலும் அதன் சுழற்சி முழு நீளமா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். இங்கே தேவையில்லை. சுழற்சியின் நீளம் ம-வை வகுத்தாக வேண்டும். ம பகா எண். எனவே ஒன்று அல்லது ம. நடுவில் வேறு வாய்ப்பே கிடையாது.

கணினி நிரலாளர்களுக்கு இந்த எண் வேறு வேடத்தில் தெரிந்திருக்கலாம். குறியுடன் கூடிய 128 பிட் முழு எண் வகையில் வைக்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பு இதுவே. ரஸ்ட் மொழியில் அந்த வகை நேரடியாகவே உண்டு. எட்டுப் பிட்டுகளுக்கு 127, 32 பிட்டுகளுக்கு 2147483647, 128 பிட்டுகளுக்கு ம. மூன்றும் பகா எண்கள். இடையில் வரும் 16-உம் 64-உம் ஏமாற்றிவிடுகின்றன. 32767 = 7 × 31 × 151; 2⁶³ − 1 ஏழால் வகுபடும். பதினைந்தும் அறுபத்து மூன்றும் பகா எண்கள் இல்லையே!

ஹனோய் கோபுரப் புதிரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்று கம்புகள், அளவில் குறைந்துகொண்டே போகும் வட்டுகள். அதை 1883-இல் உலகுக்குத் தந்தவரும் இதே லூக்காஸ்தான். 127 வட்டுகளை இடம் மாற்றக் குறைந்தது ம நகர்த்தல்கள் வேண்டும்.

நிறைவெண்களையும் விட்டுவிடக் கூடாது. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண் நிறைவெண்; 6 = 1 + 2 + 3, 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைப்படை நிறைவெண்கள் அனைத்தும் அப்படித்தான் வரும் என்று ஆய்லர் நிறுவினார். ம தருவது 2¹²⁶ × ம. மெர்சென் பகா எண்களின் வழி வரும் நிறைவெண்களில் அது பன்னிரண்டாவது. 77 இலக்கங்கள் கொண்டது. 28 என்றே முடிகிறது.

கடைசியாக, இன்னும் விடை தெரியாத ஒன்று. 2²  − 1 = 3. 2³ − 1 = 7. 2⁷ − 1 = 127. 2¹²⁷ − 1 = ம. இரண்டில் தொடங்கி, கிடைத்த எண்ணையே அடுத்த அடுக்காக வைத்துக்கொண்டே வந்தால் இதுவரை எல்லாமே பகா எண்கள். லூக்காஸ் முடிவை வெளியிட்ட அதே 1876-இல் யூஜீன் கட்டலான் என்ற பெல்ஜியக் கணிதவியலாளர் இதைக் கவனித்து, வரிசை ஓரளவுக்கேனும் இப்படியே தொடரலாம் என்ற கருத்தை முன்வைத்தார். அடுத்தது 2-இன் ம-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அது பகா எண்ணா?

லூக்காஸ் சோதனை இங்கே உதவாது. அந்த எண்ணின் இலக்கங்களின் எண்ணிக்கையே சுமார் 5.1 × 10³⁷. அதை எழுதி வைக்க உலகில் உள்ள எல்லா வட்டுகளும் சேர்ந்தாலும் போதாது. மிஞ்சியிருப்பது, லூக்காஸ் தவிர்த்த அதே பழைய வழி: காரணியைத் தேடுவது. இங்கே அது முற்றிலும் வீண் வேலை அல்ல. முன்பு சொன்ன அதே நியாயப்படி, அதன் பகாக் காரணி எதுவும் 2 × ம-வின் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். ஆகவே முயல வேண்டிய எண்கள் மிக அரிதாகவே வரும். முதல் எண் 2 × ம + 1, அதாவது 2¹²⁸ − 1. அது மூன்றால் வகுபடுவதால் பகா எண் அல்ல, கழிந்தது. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளி வெகுதூரம் போய்விட்டார்கள்; இதுவரை எந்தக் காரணியும் அகப்படவில்லை. எண் பெருகப் பெருகப் பகா எண்கள் அருகிக்கொண்டே போகும் வேகத்தை வைத்துப் பார்த்தால், அது பகு எண்ணாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம் என்பது என் எண்ணம். அதை நிறுவ ஒரே ஒரு காரணி போதும்.

ம-வை நீங்களே சோதிக்க விரும்பினால் பைத்தான் மொழியில் நான்கைந்து வரி எழுதுங்கள்: 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, ம-வால் வகுத்த மீதியை எடுப்பதை 125 முறை செய்யச் சொல்லுங்கள். கண்ணிமைக்கும் முன் சுழியம் வந்துவிடும். அது ஓடியதும் அடுக்கை 67 ஆக்கி, படிகளை 65 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். சுழியம் வராது. மெர்சென் சொன்னது அங்கே தவறு என்பது உங்கள் திரையிலேயே தெரியும். ஆனால் 2⁶⁷ − 1-இன் காரணிகள் என்னவென்று இந்தச் சோதனை சொல்லாது. அவை 193707721, 761838257287. 1903-இல் அமெரிக்கரான கோல் அவற்றைக் கண்டெடுத்தார். அது பகு எண் என்று லூக்காஸ் 1876-லேயே காட்டி 27 ஆண்டுகள் கழிந்த பின்.